நாற்பது விநாடி

கட்டபெட்டு வளைவில்
நான் பற்றவைத்த முதல் சர்க்யூட்
செவிடு.
அசைவு தெரிந்தால் எரியும், நாற்பது விநாடி.
நடுவில் எத்தனை முறை தட்டினாலும்
காதில் வாங்காது.
டீ ஃபாக்டரியில் இரவு ஷிப்ட் முடிந்து வந்த மாதியக்கா
பாதி வளைவில் இருட்டில் நின்றாள்.
"லைட்டா இது, தாலுகா ஆபீஸா?"

ஐசி மாற்றினேன்.
இப்போது ஒவ்வொரு தட்டலுக்கும்
நிரம்பப்போன கெபாசிட்டர் கொட்டிப்போய்
முதலிலிருந்து எண்ணும்.
அசைகிறவர் இருக்கும்வரை அணையாது.

நேற்று, மூடுபனியில், கம்பத்தடியில்
ஒரு காட்டெருமை.
அது அசையவில்லை.
நானும்.
முப்பத்தேழு. முப்பத்தெட்டு.
இருண்டால் யார் முதலில் நகர்வது?

காதை ஆட்டியது.
ஒன்று.

இருபத்தொன்பதில்
நான்
மெதுவாகக் கையை.