டெக் பயணிகள் 312

கேபின் பயணிகள் பதினாலு பேருக்கும் பெயர் இருந்தது,
இனிஷியல் இருந்தது.
திருமதி ஹாலிடேயின் நாய்க்குக்கூட
ஒரு பெயர் டைப் அடித்திருந்தது.
அதற்குக் கீழே ஒரே வரி:
டெக் பயணிகள் 312.

கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பதினேழு, மாசி.
தூத்துக்குடி பீச் ரோட்டில் ஏஜென்சி ஆபீஸ்.
ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டி
பட்டப்பகலில் விளக்கேற்றி உட்கார்ந்திருந்தேன்,
ஞானாதிக்கம், இரண்டாம் குமாஸ்தா,
சம்பளம் இருபத்தெட்டு ரூபாய்.

தந்தி சொன்னது இவ்வளவுதான்:
ரங்கோனை விட்ட செலஸ்டா,
அந்தமானுக்கு மேற்கே, சப்மரீன்கள் இரண்டு,
பதினேழாம் தேதிக்கும் பத்தொன்பதுக்கும் இடையில்.

செலஸ்டா யார் வாயிலும் நுழையவில்லை.
ஏரல்காரர்கள் செல்லத்தாய் என்றார்கள்,
அப்படியே நிலைத்துவிட்டது.
"செல்லத்தாய் எப்பய்யா கரைக்கு வரும்?"

முங்குகப்பல் இடித்துவிட்டது என்றேன்,
தண்ணிக்கடியில் போகிற கப்பல்.
உச்சிமாகாளி யோசித்தாள்.
"இடிச்சது முங்கி எந்திரிச்சிட்டுங்கீரு.
இடிபட்டது மட்டும் ஏன் எந்திரிக்கல?"
மைக்கூட்டை மூடினேன்.
திறந்தேன்.

மேலப்பாளையம் ஜுலைகா பீவி வரவில்லை.
அவள் தம்பி ஒரு துண்டுச்சீட்டோடு வந்தான்.
பதினேழா, பதினெட்டா, பத்தொன்பதா?
இத்தா எந்த நாளிலிருந்து எண்ண?
நாலு மாதம் பத்து நாளில்
முதல் நாள் மட்டும் அவளிடம் இல்லை.
ஹெட் ஆபீஸுக்கு எழுதிப்போட்டேன்.
நிலக்கரி பாக்கி பற்றிப் பதில் வந்தது.

அதற்கப்புறம்தான் அந்த நோட்டு.
ஆபீஸ் நோட்டில்லை,
உப்பு மூட்டைக் கணக்குக்கு நானே வாங்கியது.
சொல்லுங்கள் என்றேன், சொன்னார்கள்.
பெருங்குளம் சுடலைமுத்து, அரிசி மில்.
சாயர்புரம் மாசிலாமணி, கொத்தனார், கொஞ்சம் திக்குவாய்.
ஆத்தூர் பலவேசம், இடதுகையில் ஆறு விரல்.
கடலுக்குள் போனவனுக்கு
விரல் அடையாளம் எதற்கென்று கேட்கவில்லை,
எழுதிக்கொண்டேன்.

சித்திரைக் கடைசியில் எண்ணிப் பார்த்தேன்.
முந்நூற்று முப்பத்தொன்று.

அந்தக் கப்பலில் தெலுங்கு ஆட்கள் ஏறியிருப்பார்கள்,
ஒரியா ஆட்கள், செட்டிநாட்டுக் கணக்கப்பிள்ளைகள்.
நம் பக்கத்து ஆட்கள் நூறு தேறினாலே அதிகம்.

கொங்கராயக்குறிச்சி மூக்கம்மாளிடம் கேட்டேன்,
கடைசிக் கடிதம் எப்போது?
"வந்துது ஒண்ணு. இந்தப் பய நடக்கதுக்கு முந்தி."
பக்கத்தில் நின்ற பயலுக்கு
மீசை அரும்பியிருந்தது.
நான் பேனாவைக் கீழே வைத்தேன்.
அவள் அதை எடுத்து என் கையில் வைத்தாள்.
"எழுதும்யா.
அவனும் எங்கிட்ட வாரதுக்குத்தான்
கப்பலேறுனான்னு இருக்கட்டும்."

எழுதினது அப்படியே இருக்கிறது.
அவளைப்போல் இன்னும் எத்தனை பேர்
என்று பார்க்கப் போகவில்லை.

ஆடியில் ஒருத்தன் வந்தான்.
அரக்கான் மலையேறி நடந்து வந்த கால்,
வெடித்த களிமண் மாதிரி.
மேசைமேல் இடதுகையை ஊன்றினான்.
எண்ணாமலே தெரிந்தது.

ஊருக்குள் போனால் பிள்ளைகள் ஓடுதாம்.
பெண்சாதி வெள்ளைச்சேலையோடு
வாசலில் நின்று அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம்.
சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.
சிரிப்பு நின்ற பிறகு சொன்னது:
"டிக்கெட்ட வார்ஃபுலயே வித்துட்டேன்,
நாப்பது ரூவாய்க்கு.
ஒரு சின்னப் பய. பாஷை தெரியல.
பேரு கேக்கல."

நோட்டைத் திருப்பி அவன் வரியைக் கண்டுபிடித்து
அடிக்கப் போனேன்.
"கெடக்கட்டும்," என்றான் பலவேசம்.
"அந்தப் பயலுக்கு ஒரு பேரு வேணும்லா."

பெயரை விட்டுவிட்டேன்.
ஆறு விரலை மட்டும் அடித்தேன்.