பேட்டரி சீக்கிரம் தீர்கிறது

எஸ்.பி. ரோட்டில்
மழைக்கு ஒதுங்குவதுபோலத்தான்
அந்தக் கடைக்குள் நுழைந்தோம்.
பக்கத்து வீட்டு காஸ் சிலிண்டர்
பட்டப்பகலில் நடந்துபோய் நாலு நாள் ஆகியிருந்தது.

இம்தாதுல்லா இரண்டை எடுத்து வைத்தார்.
"இது வயரோட, வீட்டுக்குள்ள.
கண்ணையே மூடாது மேடம், விலையும் பாதி.
கரண்ட் போச்சுன்னா மட்டும் இதுவும் போயிடும்.
இது வயரில்லாதது, வாசலுக்கு.
தூங்கிட்டிருக்கும். ஏதாவது அசைஞ்சா எந்திரிக்கும்,
இருபது செகண்ட் பிடிக்கும், திரும்பத் தூங்கும்.
ஒரு சார்ஜ் மூணு மாசம் தாங்கும்."

பரணிதரனுக்கு உள்ளே வைப்பதுதான் பிடித்தது.
ஷிஃப்டில் இருக்கும்போது
போனிலேயே வீட்டைப் பார்த்துக்கொள்ளலாமாம்.
வீடு என்றால்
பகலில் நான் ஒருத்திதான்.

மூன்றாவது விசில் வரைக்கும்
குக்கரோடு நான் பேசும் பேச்சை,
நைட்டியைத் தூக்கிச் செருகித் தரை துடைப்பதை,
மதியம் இரண்டு மணிக்கு
சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து
காரணமே இல்லாமல் சுவரைப் பார்ப்பதை
யாரும் எடுத்து வைக்க வேண்டாம் என்று
நான் சொல்லவில்லை.
சொன்னது இவ்வளவுதான்:
"சுவரில் வயர் ஓடினால்
ஓனர் பெயின்ட் காசை அட்வான்ஸில் பிடிப்பார்.
இதை கிரில்லில் கட்டிக்கொள்ளலாம்.
திருடன் உள்ளே வந்தபிறகு
போட்டோ எடுத்து என்ன செய்ய?"
"கரெக்ட்" என்றார் இம்தாதுல்லா.
விலை கூடினதைத்தான் நான் கேட்டேன் என்பதாலும் இருக்கலாம்.

வாசலை மட்டும் பார்க்க எதற்கு என்று
பரணி தன் போனில் ஆப்பை இறக்கவே இல்லை.

முருகேஷ்பாளையத்தின் நாலாவது கிராஸ்
எனக்கு இருபது இருபது விநாடியாக வந்தது.
வால் அறுந்த பூனை.
தாழப் பறக்கும் விமானத்தின் நிழல்.
பீட்சா கொண்டுவந்த பையன்
பெல் அடிக்கும் முன் வண்டிக் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டது.
தன் குப்பையை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு
சாமி கும்பிடும் ஓனரம்மா.

மூன்று மாதச் சார்ஜ்
பதினெட்டாம் நாள் தீர்ந்தது.
"எதிர்ல ஏதோ அசைஞ்சுட்டே இருக்கு மேடம்,
மரக்கிளையா பாருங்க."

எங்கள் தெருவில் மரம் ஏது?

பின்னோக்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.
இரவு பத்து நாற்பது.
வண்டியை நிறுத்துகிறான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
இருபது விநாடி.
பத்து நாற்பத்திரண்டு. கேட்டின் மேல் கை.
திறக்காமல் எடுத்துக்கொள்கிறான்.
இருபது விநாடி.
பத்து நாற்பத்தேழு. வாய் மட்டும் அசைகிறது.
போன் ஹோல்டரில் அணைந்து கிடக்கிறது.
பச்சைச் சட்டை சாம்பலாகி,
பூனைக்கு எரிவதுபோல அவன் கண்ணும் எரிகிறது.
பத்து ஐம்பத்திரண்டு. பெல்.

அந்தப் பெல்லை எனக்குத் தெரியும்.
அதன் பின்னால் வரும் சிரிப்பையும்,
"சில்க் போர்டுல செம டிராஃபிக்" என்பதையும்.

முந்தின நாளும் அப்படியே.
அதற்கு முந்தின நாள் பதினாலு நிமிடம்.

கேட்கலாம்.
கேட்டால் என் மதியம் இரண்டு மணியையும்
எடுத்து வைக்க வேண்டி வரும்.

இப்போதெல்லாம் பத்தரைக்கு
ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கழற்றிவிடுகிறேன்.
சமையலறை ப்ளக்கில், வயரோடு,
மிக்ஸிக்குப் பக்கத்தில்
முகம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்.
"தினமுமா சார்ஜ் போடணும்?" என்றான் ஒருநாள்.
"மட்டமான பேட்டரி" என்றேன்.

நேற்று திரும்ப மாட்ட மறந்துபோனேன்.
காலையில் ஒரு பால் பாக்கெட் குறைந்தது.
யாரென்று தெரியவில்லை.
இருந்த அரை லிட்டரில்
இரண்டு பேருக்கும் காபி வந்தது.