கடையின் அகலம்

யீஷூன் கடையில்
கல்லுக்கு முன்னால் பத்தொன்பது வருடம் நின்ற கால்.
கெண்டையில் நெளிவதை முதலில் பார்த்தவள்
காப்பிக்கடை சியூ லிங்:
"அண்ணே, கால்லயும் சுருள் பரோட்டா போட்டாச்சா?"

ஸ்கேன் அறையிலும்
நிற்கத்தான் சொன்னார்கள்.
களிம்பு சில்லென்றது.
எண்ணெய் என்றால் சுடும் என்றே
பழகிய தோல் திடுக்கிட்டது.
நூர்ஹயாத்தி கெண்டையைப் பிடித்து விட்டாள்.
திரையில் நீலமாய் ஏறியது
சிவப்பாய்த் திரும்பி வழிந்தது.
"உள்ளே கதவு மூடல, அங்கிள்."
என் ரத்தம் இறங்கும் சத்தம்,
மழை விட்ட பிறகு
புளோக்குக்குக் கீழே கால்வாய்.

மெல்லிய கம்பி விட்டு
நூற்றிருபது டிகிரியில் சுட்டு
நாளத்தையே மூடிவிடுவார்களாம்.
"மரத்துப்போக ஊசி உண்டு, பயப்படாதீங்க."
சிரித்தேன். என் கல் அதைவிடச் சூடு.
"அப்புறம் ரத்தம் எந்த வழியா போகும்?"
"அதுக்கு வேற வழி தெரியும்"
என்றார் டாக்டர், மெடிசேவ் தாளில்
கையெழுத்து இடத்தைக் காட்டியபடி.

காலையில் இறுக்கக் காலுறை ஏற்றவே
பத்து நிமிடம், கெட்ட வார்த்தை இரண்டு.
நிற்காதே, நட என்று உத்தரவு.

கடையின் அகலம் இரண்டு எட்டு.
மாவுக்கு ஒன்று, கல்லுக்கு ஒன்று.
போகிறேன், வருகிறேன்.
வரிசையில் யாரோ கேட்கிறார்கள்,
கோசோங் இரண்டு,
முட்டை ஒன்று,
அண்ணன் ஏன் ஆடுறார்?