ஓர் எழுத்து குறைவு

தெக்லேயின் மடிக்கணினிக்கு மூடி நிற்காது.
வேதியியல் புத்தகம் ஒன்று முட்டுக்கொடுக்கிறது.
உள்ளே மட்டும் ஒரே சுறுசுறுப்பு:
எந்தக் கோப்பையும் இரண்டெழுத்தில் பிடித்துவிடும் தேடல்,
வெட்டியது அறுபதையும் மறக்காத நகல்பெட்டி
(ஆய்வக அட்டவணை, வாடகைக் கணக்கு,
லாஷாவுக்கு அனுப்பாத ஒரு வரி).
ஆனால் அவள் செல்லம்
சுருக்கத்தை விரித்துத் தரும் அந்தக் குட்டிச் செயலி.

'பேபே' என்றால்
பேராசிரியருக்கு மன்னிப்புக் கடிதம், தேதியோடு.
'அஅ' என்றால்
'நலம் அம்மா. சாப்பிடேன். நாளைக்குப் பேசலாம்.'

சாப்பிட்டேன் என்றுதான் நினைத்திருந்தாள்.
அக்டோபர் அவசரத்தில் ஒரு 'ட்' விழுந்துவிட்டது.

பொலோனியாவில்
வேறு யாருடைய தகப்பனுக்கோ சூப் ஊட்டிவிட்டு
ஈரக்கையோடு கைபேசியைப் பார்க்கும் அம்மா
தினமும் பதில் போடுகிறாள்:
'சரிடி, இதோ சாப்பிடுறேன்.'
ஒருநாள் தட்டையே படமெடுத்து அனுப்பியிருந்தாள்.
ரொட்டி, பாதி தக்காளி.

பிப்ரவரியில்தான் கண்ணில் பட்டது.
குத்தாயிசியில் மழை, விடுதியில் ஹீட்டர் செத்துக் கிடந்தது.
அமைப்புகளைத் திறந்தாள்.
'பி'க்கும் 'டே'க்கும் நடுவே
கர்சர் விட்டுவிட்டுத் துடித்தது.

திருத்தாமல் மூடினாள்.
பிறகுதான் பசித்தது.