காலி செய்த வீடு

இரவு ஒன்றே கால்.
எண்ணூர் சாலையில் டிரெய்லர்கள்
ஒன்றன் வாலை ஒன்று பிடித்து நிற்கின்றன.
மூன்றாம் மாடியில் நான்,
முப்பத்தொன்பது கணினிகள், ஒரு பேட்ச்.

ஓட்டை எங்கப்பா, என்றார் கஜபதி,
டெமரேஜ் கணக்கு பார்ப்பவர்.
ஸ்ப்ரெட்ஷீட்லயே, சார்.
விட்டுக்கொடுத்த நினைவகத்தை
இன்னும் தன்னுடையது என்றே தொடுகிறது.
அவர் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை.

போன மாசம் தண்டையார்பேட்டை வீட்டைக்
காலி பண்ணீங்களே, சாவி எங்க?
பையைத் தடவினார்.
அட்வான்சு இன்னும் கைக்கு வர்ல, அதான் தர்ல.
அதேதான் சார்.
உள்ளே இப்போது வேறு யாரோ தூங்குகிறார்கள்.

வெளிக்கோப்புகளைத் தடுத்தாயிற்று.
பில் என்ற பெயரில் எது வந்தாலும் வாசலோடு சரி.
முப்பத்தெட்டு முடிந்தது.
மிச்சம் கஜபதியுடையது, மூட மாட்டார்:
இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டி, விடிந்தால் கப்பல்.
நெட்வொர்க் கேபிளை மட்டும் பிடுங்கிவிட்டு
எதிரே உட்கார்ந்தேன்.
ஜன்னலில் மணலியின் தீக்கொழுந்து,
அழுகிய முட்டை வாடை.

நாலு மணிக்குச் சேமித்தார், மூடினார்.
சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.
பூட்ட மாத்திருப்பானா அவன்?

பேட்ச் அறுபத்தொரு சதவீதத்தில்
நின்றுகொண்டிருந்தது.