உப்புத் தூக்கலாக

அடுத்த மாதம் நாகலாபுரம் மலை.
அதற்குள் ஒரு நாள் முழுக்க நடந்து பழக வேண்டுமாம்.
தண்டையார்பேட்டையில் மலைக்கு எங்கே போவது?
ஏறுவதற்கு இருப்பவை மேம்பாலங்களும்
கொடுங்கையூர்க் குப்பைமேடும்.
ஆகவே காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம்,
போக வர, தட்டையாக.

கூட்டிப்போகிறவர் அனுப்பிய பட்டியலில்
பாதாம், பூசணி விதை,
வெள்ளிக் காகிதம் சுற்றிய சத்துக்கட்டி.
ஒன்று நூற்றிருபது ரூபாய்.
ஜெசிந்தா உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு
"கடலை மிட்டாய்க்குக் கோட்டு மாட்டியிருக்கானுங்க" என்றாள்.

விடிவதற்கு முன் ஏலச் சத்தத்துக்குப் பக்கத்தில்
ஆளுக்கு நாலு இட்லி.
வடகறி வேண்டாம், வழியில் வயிற்றைக் கெடுக்கும் என்றது நான்.
எர்ணாவூர் வரை வடகறியைப் பற்றியே பேசியது அவள்.

பையில் எலுமிச்சைச் சோறு,
அவித்த வேர்க்கடலை, உப்புத் தூக்கலாக,
ரெண்டு வெள்ளரி,
கோட்டு மாட்டாத கடலை மிட்டாய் பத்து.
மோரை இரவே உறையப் போட்டிருந்தேன்.
வெயில் ஏற ஏற இளகி
ஒன்பது மணிக்கு ஒரு மடக்கு, பத்து மணிக்கு ரெண்டு என்று
அதுவே அளந்து கொடுத்தது.
தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர்.
மூன்று லிட்டர் மூன்று கிலோ என்று
பள்ளியில் படித்தது
திருவொற்றியூரில் தோளுக்குப் புரிந்தது.

குடியுங்கள் குடியுங்கள் என்கிறார்கள்.
குடித்த பெண்கள் எங்கே போவதென்று
ஒருவரும் எழுதுவதில்லை.
எங்கள் ஒவ்வொரு மடக்கிலும்
அடுத்த பெட்ரோல் பங்க் எத்தனை தூரம் என்ற கணக்கு
கரைந்திருந்தது.

முதலில் கருவாடு, அப்புறம் டீசல்,
அப்புறம் தொழிற்சாலைப் பக்கமிருந்து
பெயர் தெரியாத ஏதோ ஒன்று.
எந்த வாசனையில் சோற்றைப் பிரிப்பது?

ஒரு பக்கம் கல் கொட்டிய கரை.
மறு பக்கம் கன்டெய்னர் லாரிகள்,
துறைமுகத்தைப் பார்த்தபடி, என்ஜின் அணைந்து.
ஒரு கதவு திறந்தது.
"எங்கம்மா, மூட்டையோட?"
"சும்மா, நடக்கறதுக்கு."
"சும்மாவா!"

செங்கோடன், சங்ககிரி.
நேற்று சாயங்காலத்திலிருந்து நானூறு மீட்டர் வந்திருக்கிறார்.
கேனைத் தட்டினார், வெற்றுச் சத்தம்.
இறங்கித் தண்ணீர் தேடிப் போனால்
முன்வண்டி நகரும், பின்வண்டி மூக்கை நுழைக்கும்.
கிளீனர் தங்கச்சி கல்யாணத்துக்குப் போய்விட்டான்.

நான் ஒரு லிட்டர் ஊற்றினேன்.
ஜெசிந்தா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு
ஒன்றரை ஊற்றினாள்.

லாரி நிழலில் சோற்றைப் பிரித்தோம். ஆக, டீசல் வாசனை.
அவர் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து
கொள்ளு கடைந்ததை ஆளுக்கு ஒரு கரண்டி வைத்தார்.
"நடக்கறதுக்கு இது போதும், குதிரையே இதைத்தான் திங்குது."
எலுமிச்சையோடு கொள்ளு சேருமா என்று கேட்காதீர்கள்.
பதினோரு கிலோமீட்டருக்குப் பிறகு எல்லாம் சேரும்.
"நாள் பூரா நிக்கறவன் என்ன திங்கணும்னு
உங்க லிஸ்ட்டுல போட்டிருக்கா?"
சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.
பதில் தேடுவதற்குள் முன்வண்டி உறுமியது,
தட்டோடு ஏறி ஓடினார்,
இருபது மீட்டர்.

முகத்துவாரம் சேர்ந்தபோது மணி ரெண்டரை.
தண்ணீர் தீர்ந்திருந்தது.
கடலும் ஆறும் கலக்கும் இடத்தில்
குடிக்க ஒரு சொட்டு இல்லாமல் நின்றோம்.
அரை கிலோமீட்டர் திரும்பி நடந்து
பெட்டிக்கடையில் ஆளுக்கு ரெண்டு கோலி சோடா,
எலுமிச்சை பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பு.
ரெண்டாவதில் ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கியது,
சோடா மூக்கில் ஏறிவிட்டதாம்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோ.
கூட்டிப்போகிறவரிடம் சொல்லப்போவதில்லை.
கடந்த லாரிகளில் அவர் வண்டியைத் தேடினேன்;
எல்லாம் ஒரே நீலம், ஒரே துரு.

காசிமேட்டில் இறங்கியதும்
அவள் நேரே காலைக் கடைக்குப் போய் நின்றாள்.
வடகறி எட்டு மணிக்கே தீர்ந்துவிட்டதாம்.