நூற்றுப் பதின்மூன்று வரை

யாங்கோனில், பன்சொடான் தெருவில்,
மாடிப்படிக்கு அடியில் என் கடை.
நிமிர்ந்தால் தலை இடிக்கும்.
ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், ஒரு ஸ்டேப்ளர்,
மின்சாரம் வரும்வரை காத்திருக்க
ஒரு முக்காலி.

படித்தவள் என்று என்னைச் சொல்ல முடியாது.
ஆனால் படித்திருக்கிறேன்,
வருகிறவர்கள் கொண்டுவரும் பக்கங்களை மட்டும்.
கண்ணாடிமேல் கவிழ்க்குமுன் ஒரு கணம்,
எடுத்துத் திருப்பும்போது இன்னொரு கணம்.

சிறுநீரகத்தின் வலது பாதி எனக்குத் தெரியும்.
இடது பாதிக்கு அந்த மாணவனிடம் காசில்லை.
தேனீ வளர்ப்பில் மூன்றாம் அத்தியாயம் தெரியும்.
குத்தகைச் சட்டத்தின் விதிவிலக்கெல்லாம் தெரியும்,
விதி தெரியாது.

ஆவணி மழையில் ஒருத்தி
சொட்டச் சொட்ட வந்து
அட்டை போன பர்மிய நாவல் ஒன்றை நீட்டினாள்.
தொண்ணூறிலிருந்து நூற்றுப் பதின்மூன்று வரை
போதும் என்றாள்.
ஏன் என்று கேட்கிற வழக்கம்
என் தொழிலில் இல்லை.

அன்று பக்கத்துக் கடை ஜெனரேட்டரில் கடன் மின்சாரம்.
பக்கத்துக்கு ஒரு நிமிடம் ஆயிற்று.
அதனால்தான் படித்தேன்.

சரக்குக் கிடங்கில் ஒரு குமாஸ்தா.
கூட்டாளி ஏமாற்றிவிட்டான் என்று
ஒன்பது வருடம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன்.
கரையான் அரித்த பேரேட்டை அடுப்பில் போடுமுன்
சும்மா ஒரு தடவை கூட்டிப் பார்க்கிறான்.
பிசகு அவன் கையில்.
ஆறு என்ற எண்ணை
மூன்று என்று படித்திருக்கிறான்.
பர்மிய எழுத்தில் இரண்டும் ஒரே உருவம்,
முகம் மட்டும் திரும்பிக்கொண்டிருக்கும்.
எழுந்து நிற்கிறான்.
செருப்பைத் தேடுகிறான்.
நூற்றுப் பதின்மூன்று அங்கே முடிகிறது.

மூலத்தையும் நகலையும்
ஒரே பையில் போட்டுக்கொண்டு அவள் இறங்கிவிட்டாள்.
"போனானா?" என்று நான் கேட்டது
ஜெனரேட்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் முப்பத்தேழாம் தெருவில்
பழைய புத்தகக்காரர்களிடம் அலைந்தேன்.
அட்டை இல்லாத நாவல், குமாஸ்தா வருவான், என்றேன்.
"அட்டை இல்லாததுதான் இங்கே எல்லாமே,
குமாஸ்தா வராத நாவல் எது?" என்றார் ஒருவர்.

என்னிடமும் ஒரு நோட்டு உண்டு.
தம்பி மருதப்பன் பெகுவில் டயர் கடை வைக்க
நான் கொடுத்த பணம். பதினான்கு தவணை.
மூன்றுதான் தந்தான் என்று
தீமிதியன்று கோவில் வாசலில்,
கையில் பூத்தட்டோடு நின்று சொன்னவள் நான்.
ஆறு வருடமாகப் பேச்சில்லை.
அவன் மகள் காதுகுத்துக்குப் போகவில்லை.
பல்வலி என்று சொல்லியனுப்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு
நோட்டை எடுத்தேன்.
என்னைத் திருத்திக்கொள்ள இல்லை,
நானும் குமாஸ்தாவும் வேறு என்று நிச்சயப்படுத்திக்கொள்ள.

கடைசிப் பக்கம். பால் கணக்குக்குக் கீழே,
என் கையெழுத்தில்:
ம., பஸ் டிரைவரிடம் வந்தது.
ம., பஸ் டிரைவரிடம் வந்தது.
எட்டு தடவை.
தந்தது மூன்று இல்லை.
பாக்கிதான் மூன்று.

மெழுகு நோட்டில் சொட்டியது. துடைக்கவில்லை.

மறுநாள் கடை திறந்ததும் முதல் வேலையாக
அந்தப் பக்கத்தைக் கண்ணாடியில் கவிழ்த்தேன்.
மூலத்தைவிட நகலில்
என் எழுத்து கறுப்பாக விழுந்தது.
வாடிக்கையாளர் யாருமில்லை. காசு நானே போட்டேன்.

பெகு ரயில் ஆடிய ஆட்டத்தில்
மடித்த தாள் பைக்குள் நகர்ந்துகொண்டே இருந்தது.
என்ன சொல்வது என்று
எந்தப் பக்கத்திலும் நான் படித்திருக்கவில்லை.
குத்தகைச் சட்டம் உதவாது.
தேனீக்கள் ஒருவேளை.

கடையில் ஒரு லாரி.
அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள்,
கிரீஸ் படிந்த குதிகால், அப்பாவுடையது போலவே.
பக்கத்தில் கழற்றிப் போட்ட செருப்பு.
குனிந்தேன். குனிவது எனக்குப் பழக்கம்தான்.

"கணக்கைத் தப்பாகப் படித்துவிட்டேன்" என்றேன்.

ஸ்பேனர் சத்தம் நின்றது.